நெருக்கத்தால் நலியும் குளத்து மீன்கள்

கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மீன்களின் குஞ்சுகளைப் பெரும்பாலும் ஆற்று வெள்ளத்தில் வலை விரித்தே திரட்ட வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஹீராலால் சௌதுரி, பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்தார். அதன் பயனாகக் குஞ்சுப் பஞ்சம் நாளடைவில் நீங்கிற்று. எனினும், குஞ்சு எளிதாகக் கிடைப்பதாலேயே புதியதொரு தவறும் தோன்றிற்று. இரு மடங்கு விட்டால் இரு மடங்கு மீன் கிடைக்கும் என எண்ணுவோர் பலர்.

நெருக்கத்தின் கேடு இடக்குறைவினால் மட்டும் நேர்வதன்று. அதன் கடுமை விடியலுக்கு முந்திய நாழிகைகளிலேயே வெளிப்படுகிறது. பகலில் நீரிலுள்ள நுண்பாசிகள் பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவில் அது நின்றுவிடுகிறது. மீன், பாசி, அடிச்சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆகிய யாவும் இருப்பதைச் செலவிடுகின்றன. லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயு இருத்தல் நன்று. அது 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கினால், மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து தவிப்பதைக் காணலாம். மேகமூட்டம் நீடித்த நாட்களுக்குப்பின், ஒரே இரவில் குளத்து மீன்கள் செத்து மிதப்பதுண்டு. பகைவர் நஞ்சிட்டனர் என ஊரில் வழக்கெழுவதும் புதிதன்று. பிராணவாயுக் குறைவாயின் பெரும்பாலும் பெரிய மீன்களே முதலில் மடியும். கள ஊழியர் இதனை முதலில் நோக்குதல் வேண்டும்.

சாகாத மீன்களும் நலமாயிருப்பதில்லை. செவுள் வழியே மீன் கழிக்கும் அமோனியா, எஞ்சிய தீனி அழுகுவதால் எழும் அமோனியாவோடு சேர்ந்து பெருகுகிறது. பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் நீரின் காரத்தன்மை ஏறும்போது அதன் நச்சுத்தன்மையும் ஏறுகிறது. ஓயாத நலிவினால் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றவே, இயல்பாக நீரில் வாழும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் உடலில் புண்களை உண்டாக்குகின்றன. மீன்பேனும் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு எளிதில் பரவுகிறது. மீன்பேன் தன் முட்டைகளைக் கடினமான பரப்புகளில் ஒட்டிவைக்கும் இயல்புடையது. ஆதலின், குளத்தில் மூங்கில்களை நட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் உலர்த்தி முட்டைகளை அழிப்பது மருந்தினும் மலிவான முறையாகும்.

காற்றூட்டும் கருவியில்லாத குளத்தில், ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 வரை விரலளவுக் குஞ்சுகளை விடுவது வழக்கம். ஆழம் குன்றிய குளமாயின் கீழெல்லையே தக்கது. அளவுக்கு மீறி விட்டுவிட்டவர், தீனியையும் உரத்தையும் நிறுத்தி, புதுநீர் பாய்ச்சி, பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிடுவதே உடனடி வழி.

மாணவரைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் நண்பகலைத் தவிர்த்தல் நலம். அவ்வேளையில் நலிந்த குளமும் நன்றாகவே தோன்றும். சூரியோதயத்திற்கு முன் செல்லுதல் வேண்டும்.