நுண்தாதுக்களும் குழந்தைகளின் பிறவிச் சோகையும்

முடிச்சூர், படப்பைப் பக்கத்து நன்செய்களில், நட்ட இரண்டு மூன்று வாரங்களில் நெற்பயிர் துத்தநாகக் குறைவால் துருநிறம் காட்டுமாயின், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக ஸல்பேட் இட்டுத் தீர்த்துக்கொள்கிறோம். இப்பழக்கத்தால், வெளிறிய குழந்தைக்கும் தாதுச்சத்து டானிக் போதுமென எண்ணுவோர் உளர். எல்லாச் சோகையும் அவ்விதம் தீர்வதன்று.

ஜி6பிடி என்னும் நொதிப்பொருள் சில குழந்தைகட்குப் பிறவியிலேயே குறைந்திருக்கும். பெரும்பாலும் தாய்வழி வந்து ஆண்மக்களைத் தாக்குவது இக்குறை. சிவப்பணுவைக் காக்கும் குளூட்டத்தயோனைப் புதுப்பிப்பது இந்நொதியே. ஸெலினியம் என்னும் நுண்தாதுவுக்கும் அக்காவலில் பங்குண்டு. எனினும் எத்தாதுவும் பிறவிக்குறையை நிரப்பாது.

மலேரியாவுக்குரிய பிரைமாக்குவின் மாத்திரையால் சிலருக்குச் சிவப்பணு சிதைவது இக்குறையாலேயே என்று 1956-ல் அமெரிக்காவில் கண்டனர். ஆகவே, குறையுள்ள குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொண்டுசெல்வோர் முதலில் அதனை வைத்தியரிடம் கூறுக.

நம் வீட்டுப் பெட்டியிலுள்ள பாச்சை உருண்டையும் அத்தகையதே. துணியிலேறிய அதன் வாசனைகூடக் கைக்குழந்தைக்கு ஆகாது. மயில்துத்தமோ செம்பின் உப்பு; உட்சென்றால் குறையற்றவருக்கும் சிவப்பணு சிதையும். தெளித்து மீந்ததைக் குடிநீர்ச் சொம்பில் கரைத்துவைக்கும் வழக்கத்தை நானே கண்டிருக்கிறேன்; அது பெரும் பிழை.

சிறுநீர் காப்பி டிக்காஷன்போற் கறுத்து, கண் மஞ்சளித்து, குழந்தை சோர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச்செல்க. சிதைவு நேர்ந்த உடனே செய்யும் சோதனையில் குறை தெரியாமற்போவதுண்டு. மூன்று மாதங் கழித்து மறுபடி சோதிப்பிக்க வேண்டும்.