அணைந்த திரையும் சிவப்புப் பொத்தானும்

கேள்வி: செஸ்னா போன்ற சிறு விமானத்தில் விமானிக்கு எதிரே உள்ள திரை அணைந்துவிட்டால் என்ன செய்வார்கள்? ரிப்பேர் செய்ய முடியுமா?

பதில்: பறக்கும்போது அணைந்தால் பதற வேண்டியதில்லை. கார்மின் ஜி1000 என்ற திரைத் தொகுதி பொருத்திய செஸ்னா 172-இல் திரைகள் இரண்டு. நடுவிலுள்ள சிவப்புப் பொத்தானை அமுக்கினால், அணைந்ததன் வேலையை மற்றது ஏற்றுக்கொள்ளும். அதுவும் போனால் வேகம், உயரம், சாய்வு காட்டும் மாற்றுக் கருவிகள் தனியே உண்டு.

தலைவலி தரையிறங்கிய பிறகுதான். முதலில் சர்க்யூட் பிரேக்கரையும் கனெக்டரையும் பார்ப்பார்கள். அடுத்து ஓர் எளிய உத்தி: இரண்டு திரைகளையும் இடம் மாற்றிப் பொருத்துவது. கோளாறு திரையோடு கூடவே போனால் பழுது திரையில்; பழைய இடத்திலேயே நின்றால் வயரிங்கிலோ மின் இணைப்பிலோ. இதைச் செய்து பார்க்காமலே புதுத் திரைக்கு ஆர்டர் கொடுப்பது வீண் செலவு (திரையின் விலை கொஞ்சநஞ்சமல்ல!).

திரைதான் கெட்டது என்று தெரிந்தால் ஹேங்கரில் பிரித்து மேய மாட்டார்கள். முழுதாகக் கழற்றி, உற்பத்தியாளருக்கோ அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கோ அனுப்பிவிட்டு மாற்றுத் திரையைப் பொருத்துவார்கள். அந்த விமானத்துக்கு உரிய மென்பொருளை ஏற்றிச் சோதித்து, உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்டால்தான் மறுபடி பறக்கலாம். நீங்கள் எலெக்ட்ரானிக்ஸில் புலியாகவே இருந்தாலும், தயவுசெய்து ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள்.