கேரளப் பயணமும் நிபா காய்ச்சலும்: மருத்துவரிடம் மறைக்கக் கூடாத செய்தி

ஏலத்தோட்ட வேலை, சபரிமலை யாத்திரை, வணிகம், உறவினர் இல்லம் எனப் பல காரணங்களுக்காக மதுரை, தேனி வட்டார மக்கள் ஆண்டு முழுவதும் கேரளம் சென்று வருகின்றனர். அங்கு நிபா பற்றிய செய்தி எழும்போதெல்லாம், பயணம் செய்யலாமா என்று நோயாளிகளும் குடும்பத்தினரும் எங்களிடம் வினவுகின்றனர்.

2018 கற்றுத் தந்த பாடம்

2018 மே மாதம், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பகுதியில் ஓர் இளைஞர் காய்ச்சலால் இறந்தார். காரணம் அப்போது தெரியவில்லை. சில நாள்களில் அவருடைய சகோதரரும் மூளை அழற்சியுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இருவர் நோயுற்ற செய்தியே மருத்துவர்களை ஐயுறச் செய்தது. மணிப்பாலிலும், பின்னர் புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்திலும் நடந்த பரிசோதனைகள் நிபாவை உறுதிசெய்தன.

ஒவ்வொரு நோயாளியும் எந்நாளில் எங்கிருந்தார், அருகில் யார் இருந்தனர் என்று சுகாதாரத் துறையினர் பட்டியலிட்டனர். ஈராயிரத்திற்கும் மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டனர். பெரும்பாலோருக்கு நோய் தொற்றிய இடம் மருத்துவமனையே என்பது இதனால் தெளிவாயிற்று. துணைக்கு இருந்தோரும், பிற நோயாளிகளும், செவிலியர் லினியும் அவ்வாறே தொற்றுக்கு உள்ளாயினர். உயிரிழந்தோர் 17 பேர். 2023 செப்டம்பரில் நோய் மீண்டும் தோன்றியபோது, பாதிப்பு 6 பேருடன் நின்றது. அவர்களுள் இருவர் இறந்தனர்.

நோய் பரவும் விதம்

பழந்தின்னி வௌவாலின் எச்சில், சிறுநீர் பட்ட உணவு வழியாகவும், நோயாளியின் உடல் திரவங்கள் வழியாகவும் நிபா பரவுகிறது. நெருங்கிய தொடர்பின்றி எளிதில் தொற்றுவதில்லை. அறிகுறிகள் பொதுவாக 4 முதல் 14 நாள்களுக்குள் தோன்றும். எனினும் தொடர்பிலிருந்தோரை 21 நாள்கள் கண்காணிப்பது வழக்கம். இதற்குத் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டிற்கு வரவில்லை.

பயணிகள் கவனத்திற்கு

1. பறவையோ வௌவாலோ கடித்த பழத்தை உண்ணாதீர்கள். பிற பழங்களைக் கழுவித் தோல் நீக்கி உண்ணுங்கள்.
2. நோய் பரவும் பகுதியில், திறந்த கலயத்தில் இறக்கிய கள், பதநீர் ஆகியவற்றைத் தவிருங்கள்.
3. அப்பகுதி மருத்துவமனைகளுக்கு நலம் விசாரிக்கச் செல்வதைத் தவிருங்கள். துணையிருக்க நேர்ந்தால் முகக்கவசம் அணியுங்கள். சோப்பினால் அடிக்கடி கை கழுவுங்கள். நோயாளியின் துண்டு, தட்டு, தம்ளரைப் பயன்படுத்தாதீர்கள்.
4. ஊர் திரும்பிய நாளைக் குறித்து வையுங்கள். 21 நாள்களுக்குள் காய்ச்சலுடன் தலைவலி, வாந்தி, இருமல், மூச்சுத் திணறல், மனக்குழப்பம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், முகக்கவசம் அணிந்து தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

முதலில் சொல்ல வேண்டியது

கேரளம் சென்றதைச் சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்று சிலர் அஞ்சி மறைக்கின்றனர். நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் பெரும்பாலும் டெங்கு போன்ற பிற நோய்களாகவே இருக்கும். ஆயினும் பயண விவரத்தைப் பதிவு மேசையிலேயே தெரிவியுங்கள். சென்ற ஊர், திரும்பிய நாள், உடன் சென்றோருக்கும் காய்ச்சல் உண்டா என்ற மூன்று விவரங்கள் போதும். அவை உங்களுக்கு உரிய பரிசோதனை விரைவில் கிடைக்க உதவும். உங்கள் அருகில் துணையிருப்பவரையும் அடுத்த படுக்கையில் உள்ளவரையும் காக்கும்.