காஸ் அடுப்பு: கணவன் மனைவி இருவருக்கும் ஒரு பாடம்



விறகுப் புகையில் கண் கலங்கிச் சமைத்த காலம் பல வீடுகளில் மலையேறிவிட்டது. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் காஸ் இணைப்பு வீட்டுப் பெண்ணின் பெயரிலேயே கொடுக்கப்பட்டது. புகை குறைந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் நெஞ்சுக்கு நல்லது. ஆனால் காஸ் அடுப்பைச் சரியாகப் பொருத்தாவிட்டாலும், பொருத்தியதை அவ்வப்போது சோதிக்காவிட்டாலும் அதுவே ஆபத்தாகும்.

"அடுப்படி சமாச்சாரம் எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்" என்பார் கணவர். "சிலிண்டர் மாட்டுறது அவருதான், எனக்குப் பயம்" என்பார் மனைவி. மாட்டத் தெரிந்தவர் வயலில் இருக்கும்போது வீட்டில் காஸ் கசிந்தால் என்ன ஆகும்? ஆகவே மாட்டவும், சோதிக்கவும், மூடவும் இருவருக்கும் தெரிந்திருப்பது அவசியம்.

காஸின் குணம்

சமையல் காஸுக்குத் தானாக மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே நாற்றமுள்ள ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். காஸ் காற்றைவிடக் கனமானது. புகையைப் போலக் கூரைக்கு ஏறாது. தண்ணீரைப் போலத் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். சற்றுத் தள்ளி எரியும் சாமி விளக்குகூட அதைப் பற்ற வைத்துவிடும்.

எங்கே, எப்படி வைப்பது?

1. சிலிண்டரைத் தரையில் நேராக நிறுத்துங்கள். படுக்க வைக்காதீர்கள். பள்ளத்திலோ, மூடிய பெட்டிக்குள்ளோ வைக்காதீர்கள்.

2. அடுப்பு, சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்கட்டும். தரையில் உட்கார்ந்து சமைக்கும் பழக்கத்தை இதற்காக மாற்றித்தான் ஆக வேண்டும்.

3. விறகு அடுப்பும் காஸ் அடுப்பும் ஒரே அறையில் வேண்டாம். காடா விளக்கு, ஊதுபத்தி, வறட்டி, மண்ணெண்ணெய் எதுவும் அருகில் வேண்டாம்.

4. ரப்பர் குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளாததாக இருக்க வேண்டும். அதன்மேல் துணி சுற்றாதீர்கள். சுற்றினால் வெடிப்பும் எலி கடித்ததும் தெரியாமல் போகும். 5 ஆண்டுக்கு ஒரு முறை குழாயை மாற்றுங்கள். வெடிப்புக் கண்டால் அன்றே மாற்றுங்கள்.

5. குழந்தையின் ஏணையை அடுப்படியில் கட்டாதீர்கள்.

சிலிண்டர் வந்ததும்

சீல் பிரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரில் எழுதியுள்ள காலி எடையோடு 14.2 கிலோ சேர்த்தால் வருவதே சரியான எடை. மேல் வளையத்தைத் தாங்கும் தகட்டின் உள்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருக்கும். 'ஏ' என்றால் மார்ச் வரை, 'பி' ஜூன் வரை, 'சி' செப்டம்பர் வரை, 'டி' டிசம்பர் வரை. அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள். அடுத்த சோதனை செய்யாமல் வந்தது என்று அதற்குப் பொருள்.

மாட்டும்போது வீட்டில் எந்த நெருப்பும் எரியக் கூடாது. அடுப்புத் திருகுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். ரெகுலேட்டரை மாட்டியபின் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கையோடு வந்தால் சரியாக உட்காரவில்லை. கழற்றிய மூடியைக் கயிற்றோடு சிலிண்டரிலேயே தொங்க விடுங்கள். அவசரத்தில் அதுதான் கை கொடுக்கும்.

சோப்புத் தண்ணீர்ச் சோதனை

மனைவி: நர்ஸம்மா, தீக்குச்சியக் கொளுத்திக் கிட்ட காட்டினா கசிவு தெரிஞ்சிடும்னு சொல்றாங்களே?

செவிலியர்: ஐயையோ! அப்படிச் செஞ்சிடாதீங்கம்மா. வினையே அதுலதான் வரும். ஒரு கிண்ணத்துல சோப்பைக் கரைச்சு நல்லா நுரை வரக் கலக்குங்க, போதும்.

கணவன்: எங்கெங்க தடவணுங்க?

செவிலியர்: அடுப்புத் திருகு மூடியிருக்கணும், ரெகுலேட்டர் திறந்திருக்கணும். ரெகுலேட்டர் உட்காருற இடம், குழாயோட ரெண்டு முனை, அப்புறம் குழாய் நெடுக. எங்கயாவது குமிழி கிளம்பிப் பெருசானா அங்க கசியுதுன்னு அர்த்தம். உடனே ரெகுலேட்டரை மூடிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்க. நீங்களா கம்பி கட்டி, மெழுகு வச்சு அடைக்கப் பார்க்காதீங்க.

சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனை செய்யுங்கள். இந்த முறை கணவர் செய்தால் அடுத்த முறை மனைவி செய்யட்டும்.

மழைக் காலத்தில்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழந்தையின் துணி காயாது. அதற்காக அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவது பெரிய தவறு. துணி நழுவி விழுந்தால் கணத்தில் தீப்பிடிக்கும். குளிருக்காகக் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு காஸ் அடுப்பைக் கணப்பாக உபயோகிப்பதும் கூடாது. மூடிய அறையில் நிறமும் மணமும் இல்லாத நச்சுக் காற்று சேரும். தலைவலியும் மயக்கமும் வந்து உயிரே போகலாம். ஜுவாலை நீலமாக இருந்தால் நல்லது. மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும்.

நாற்றம் வந்தால்

குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் வெளியே அனுப்புங்கள். விளக்கு ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். உள்ளே நின்று செல்போன் பேச வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறங்கள். கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, மூடியைப் போடுங்கள். நாற்றம் பலமாக இருந்தால் இதற்காக நிற்காமல் வெளியேறுங்கள். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பகலோ இரவோ, எந்நேரமும் பேசலாம்.

சேலையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும்; பக்கத்தில் இருப்பவர் கம்பளியோ கெட்டியான பருத்திப் போர்வையோ சுற்றி அணைக்க வேண்டும். தீப்புண்ணின் மேல் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். மை, பற்பசை, நெய், மாவு எதையும் தடவாதீர்கள். 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

தினமும் இரவு கடைசியாகப் படுப்பவர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுக்கட்டும். "மூடியாச்சா?" என்று மற்றவர் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

நாற்றம் வந்தால் ஜன்னலைத் திற!
தீக்குச்சியை அடியோடு மற!