முதலில் அறை, அப்புறம் மைக்

2015 ஜூனில், அமெரிக்க அதிபராக இருந்த பராக் ஒபாமா லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். நகைச்சுவைக் கலைஞர் மார்க் மேரன் 2009 முதல் நடத்திவந்த பாட்காஸ்டுக்கு அந்த ஷெட்தான் ஒலிப்பதிவுக்கூடம்.

வீட்டிலேயே பாட்காஸ்ட் செய்யப் புதிதாக வருகிறவர்கள் பலரும் மைக் வாங்குவதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் காதைப் பழக்க வேண்டும். பிடித்த எபிசோடு ஒன்றை ஹெட்போன் மாட்டி மறுபடி கேளுங்கள். மூச்சுச் சத்தம் எங்கே வருகிறது, பேச்சு தொடங்கும்போது இசை எவ்வளவு தணிகிறது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

அடுத்தது அறை. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ஓசை ரீங்கரித்தால் வெற்றுச் சுவரும் டைல்ஸ் தரையும்தான் காரணம். எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் அந்த எதிரொலி போகாது. மெத்தை, கனமான திரை, துணி நிறைந்த பீரோ இருக்கும் சிறிய அறை போதும். 2020 ஊரடங்கில் பெரிய வானொலிகளின் செய்தியாளர்களே துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசினார்கள். பதிவின்போது ஃபேனையும் நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் பதிவு செய்பவருக்கு டைனமிக் மைக் நல்லது. கண்டென்ஸர் மைக் தெருச் சத்தத்தையும் சேர்த்து இழுத்துவிடும். சாம்சன் க்யூ2யு போன்ற டைனமிக் மைக்குகளை யுஎஸ்பி வழியாக நேரே கணினியில் செருகலாம். பின்னாளில் எக்ஸ்எல்ஆர் கேபிளில் மிக்ஸருக்கும் கொண்டுபோகலாம். பாட்காஸ்ட் படங்களில் அடிக்கடி தெரியும் ஷூர் எஸ்எம்7பி மைக்குக்கு ஏறக்குறைய 60 டெசிபல் ஒலிப்பெருக்கம் வேண்டும். அதற்கு மைக்கைக் கணினியோடு இணைக்கும் தனி இன்டர்ஃபேஸ் வாங்க நேரும் என்பதால் முதல் மைக்காக அது வேண்டாம்.

மைக்கிலிருந்து வாய் நாலு விரற்கடை தள்ளி இருக்கட்டும். உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து ‘பப்பாளி’ என்று சொல்லிப் பாருங்கள். காற்று வந்து மோதும். அதே காற்றுதான் மைக்கில் ‘டப்’பென்று விழுகிறது. மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் இது பெரும்பாலும் தீரும்.

ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்க வேண்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும். பிறகு ஒட்டவைக்க முடியாது. பேசுவதற்கு முன் பத்து விநாடி சும்மா இருந்து அறையின் மௌனத்தையும் பதிவு செய்யுங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டி அதை மாதிரியாக வைத்துத்தான் இரைச்சலைக் குறைக்கும்.

எடிட்டிங்கில் எல்லாத் தயக்கத்தையும் வெட்ட வேண்டாம், பேச்சு இயந்திரத்தனமாகிவிடும். இறுதி ஒலிக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு).

கோப்பை ஒரு ஹோஸ்டிங் தளத்தில் ஏற்றினால் ஆர்எஸ்எஸ் முகவரி கிடைக்கும். ஆப்பிள் போன்ற செயலிகளில் அதை ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தடுத்த எபிசோடுகள் தாமாகவே போய்ச் சேரும்.