மேற்குச் சுவரைப் பற்றி ஒரு கடிதம்

சிரஞ்சீவி கண்ணனுக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதம்.

நம்மூர்க் கோயில் திருப்பணிக் கமிட்டிக்கு உன்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள் என்று படித்தவுடன், இதைப் பார்க்க உன் அப்பாவுக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று கண் கலங்கிப்போனேன். ஆனால் நீ கூடவே அனுப்பியிருந்த எஸ்டிமேட்டில், கருங்கல் சுவர்களுக்கு சாண்ட் பிளாஸ்டிங், மண்டபத்துக்கு டைல்ஸ், விமானத்துக்கு எனாமல் என்று வரிசையாக எழுதி, அதற்கெல்லாம் தலைப்பாக 'முழுமையான புதுப்பித்தல்' என்று போட்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து இரண்டு ராத்திரிகளாக எனக்குத் தூக்கமில்லை.

புதுப்பித்தல் என்ற சொல்லை நாம் தினமும் எப்படிப் புழங்குகிறோம் என்று சற்று யோசித்துப் பார். டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பித்தாயே, நம்பர் மாறிற்றா? பெரியம்மாவின் காசுமாலையை வருஷா வருஷம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறோமே, சீட்டுதானே புதிதாக வருகிறது, காசுகளை யாராவது உருக்குகிறார்களா? புரோநோட்டு விவகாரம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருஷக் கெடு தீருமுன் ஒரு சிறு தொகையையாவது வரவு வைத்துக் கையெழுத்து வாங்கினால் அந்தப் பழைய கடனுக்கே மறுபடி மூன்று வருஷம் ஆயுள் கிடைக்கிறது என்பதையும், ஒரு வாரம் தாமதித்ததால் கீழண்டை வீட்டு நோட்டு தாத்தா கையில் வெறும் காகிதமாகப் போனதையும் கேட்டே வளர்ந்தவன் நீ. இத்தனை உபயோகங்களிலும் வஸ்து அதுவேதான். கெடுவுக்குத்தான் புது ஆயுள்.

கோயில் விஷயத்தில் நம் முன்னோர் வைத்த பெயரும் இதையேதான் சொல்கிறது. ஜீர்ணோத்தாரணம் என்றார்கள்: ஜீர்ணமானதைத் தூக்கி நிறுத்துவது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலான எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்த அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துகிறோம் என்றால், பீடமும் அதன்மேல் மூர்த்தியும் பழையபடியே இருக்க, இரண்டையும் பிணைக்கும் மருந்தை மாத்திரம் மாற்றுகிறோம் என்றுதான் அர்த்தம்.

கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி இருக்கிறதே, அங்கே வைத்தியநாத சுவாமி கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி இராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை எல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுத்து எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகே பிரிக்க வேண்டும் என்றும் விதித்தான். அப்படி எழுதி வைத்தவற்றை இராஜேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவலைக் கற்றளியாக எடுப்பித்தபோதும் பழைய சாசனங்களைப் பிரதி செய்து வெட்டுவித்தார். யாரோ ஒருவர் விளக்கெரிக்க ஆடு விட்டதும், யாரோ ஒருத்தி திருவமுதுக்கு நிலம் விட்டதுமான சின்னச் சின்ன தர்மங்களைக்கூட அழியவிட, உலகாண்ட அந்த ராஜ குடும்பத்துக்கு மனம் வரவில்லை.

நமக்கோ மனம் வந்தது. 36 வருஷங்களுக்கு முன் நடந்த திருப்பணியில், யாரையும் கேட்காமல், தென்சுவரில் மணலை வேகமாகப் பீய்ச்சிக் 'கழுவினார்கள்'. நான் லீவு கிடைத்து வந்து இறங்கியபோது சுவர் வெள்ளை வெளேரென்று சொரசொரத்து நின்றது. அப்பா என் சுட்டுவிரலைப் பிடித்துத் தடவித் தடவி எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்த ஒன்பது வரிகளில், கையால் தடவிப் பார்த்தாலும் அகப்படுகிற எழுத்தாக ஒன்றும் மிஞ்சவில்லை. நான் சிறுவயதில் நோட்டில் எழுதி வைத்திருந்தது நான்கு வரிகள்தான். அன்று கமிட்டியில் இருந்தவர்களுக்கு என் வார்த்தை ஏறவில்லை. உபயதாரர் பெயர்களைச் சலவைக்கல்லில் பொறிப்பதிலேயே அவர்களுக்கு முழு சிரத்தையும் இருந்தது. ஆயிரம் வருஷத்துப் பெயரைத் தேய்த்துவிட்டு அந்த இடத்தில் அந்த வருஷத்துப் பெயரை மாட்டியதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, கண்ணா.

முடிவு உன்னுடையது, நீ தலைவன், நான் தூரத்தில் இருக்கும் கிழவன். கருங்கல்லைத் தண்ணீரும் தேங்காய்நார் பிரஷ்ஷும் கொண்டு கழுவ நாள் கூடுதலாகும், ஆள் கூடுதலாக வேண்டும், பளபளப்பும் வராது; காண்டிராக்டர் சொல்வது சீக்கிரம் முடியும், போட்டோவில் நன்றாக விழும். இரண்டையும் எடைபோட்டு உனக்குச் சரியென்று பட்டதைச் செய். ஆனால் இரண்டாவதைத் தேர்ந்தாயானால் கும்பாபிஷேகத்துக்கு வந்து நிற்க என் கால்கள் இணங்குமா என்று தெரியவில்லை.

இவ்வளவு கடுமையாக எழுதிவிட்டேனே என்று பெரியம்மா கோபித்துக்கொள்கிறாள். உன்னைப் போல் பொறுப்பான பிள்ளை நம் வம்சத்தில் வேறு யார்? வேலையையும் பார்த்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் ஊருக்குப் போய் நிற்கிறாயே, அந்த ஒன்றே போதும். வேலையாட்களின் கூடுதல் கூலி என் பென்ஷனிலிருந்து வரும், மறுக்காதே. பெரியம்மா அதிரசத்துக்கு மாவு இடிக்கச் சொல்லிவிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதே.

மேற்குச் சுவரில் பதினோரு வரிகள் இன்னும் இருக்கின்றன. பாலாலயத்துக்கு நாள் குறித்ததும் எழுது, நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிடுகிறேன். நான் வரும்வரை அந்தச் சுவரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்.