துணைவரின் மறதியும் காலத்தில் இட வேண்டிய கையொப்பமும்

1980களில் குடும்பத்தோடு பிரித்தானியா வந்த எம்மவர் பலர் இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டனர். வீட்டில் கணவனோ மனைவியோ அடிக்கடி மறக்கத் தொடங்கினால், "வயது போனால் இப்படித்தான்" என்று மற்றவர் சமாளிப்பது வழமை. அவரிடம் கேட்ட கேள்விக்கு இவரே பதில் சொல்லிவிடுவார். அன்பினால்தான் இப்படிச் செய்கிறோம். ஆனால் இதனால் பொன்னான காலம் வீணாகிறது. எனவே மூன்று விடயங்களை இங்கு ஒழுங்காகப் பார்ப்போம்.

1. எது இயல்பு, எது நோய்?

மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும், தெரிந்தவரின் பெயர் சற்றுப் பிந்தி நினைவுக்கு வருவதும் முதுமையில் இயல்பு. பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியை மூன்று முறை கேட்பது, காலமெல்லாம் வைத்த கறியின் பக்குவம் குழம்புவது ஆகியவை கவனிக்கப்பட வேண்டியவை. கணக்காளன் என்ற வகையில் இன்னொன்றையும் சொல்வேன். பணத்தைக் கையாள்வதில் வரும் தடுமாற்றம் முந்தித் தெரியும் அறிகுறிகளில் ஒன்று. ஒரே பில்லுக்கு இருமுறை பணம் கட்டியிருக்கிறதா, வங்கிக் கடிதங்கள் பிரிக்காமல் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

2. வைத்தியரிடம் போவது ஏன்?

எல்லா மறதியும் டிமென்ஷியா அல்ல. தைரோயிட் குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகள், விற்றமின் பி12 குறைவு ஆகியவையும் நினைவைப் பாதிக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. பி12 இயற்கையாக மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றிலேயே உள்ளது. ஆகவே பாலும் குறைவாக எடுக்கும் சைவ உணவுக்காரரும், நீரிழிவுக்கு மெட்போர்மின் நெடுங்காலம் எடுப்பவரும் இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேட்பது நல்லது.

தேவையானால் குடும்ப வைத்தியர் நினைவாற்றல் கிளினிக்குக்கு அனுப்புவார். நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் மங்கிப் போவதுண்டு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் உண்மை நிலை தெரியாமல் போகலாம். ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகளை அவ்வேலைக்கு வைக்காதீர்கள். தாயின் பிழையான விடையைத் திருத்திச் சொல்லவே பிள்ளையின் மனம் விரும்பும்.

3. கையொப்பம்

கணவன் மனைவி என்பதனால் மட்டும் ஒருவருடைய தனிக் கணக்கையோ ஓய்வூதியத்தையோ மற்றவர் கையாளும் உரிமை இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஒருவர் தீர்மானிக்கும் ஆற்றலை இழந்தால் கூட்டுக் கணக்கைக்கூட வங்கி கட்டுப்படுத்தலாம்.

ஊரில் நாம் அற்றோணித் தத்துவம் என்போம். இங்கிலாந்திலும் வேல்சிலும் இதற்கென உள்ளது 'லாஸ்ரிங் பவர் ஒஃப் அற்றோர்னி'. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2007இல் நடைமுறைக்கு வந்தது. பணம், சொத்து பற்றியது ஒன்று. உடல்நலம், பராமரிப்பு பற்றியது மற்றொன்று. சாதாரண அற்றோணித் தத்துவம் ஆற்றல் இழந்ததும் செல்லாது, இது செல்லும். ஆனால் விளங்கிக் கையொப்பமிடக்கூடிய நிலையில் இருக்கும்போதே எழுதி, அரச அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நோய் என்று வைத்தியர் சொன்ன உடனேயே அந்த ஆற்றல் போய்விடுவதில்லை. காலம் தாழ்த்தினால் போய்விடும். பிறகு நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க நேரும். செலவும் தாமதமும் அதிகம். ஊரிலுள்ள காணி, வீடு வேறு விடயம். அதற்கு இலங்கைச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியைத் தனியாகக் கேளுங்கள்.

எப்படித் தொடங்குவது?

"உங்களுக்கு மறதி" என்று தொடங்கினால் கோபமே வரும். "ரெண்டு பேரும் ஒருக்கா இரத்தம் சோதிப்பம், ரெண்டு பேரும் எழுதி வைப்பம்" என்று சொல்லுங்கள். இருவருக்கும் அது தேவையானதே. நாளை யார் யாரைப் பார்க்க நேரும் என்பது எவருக்கும் தெரியாது.

நோய் உறுதியானாலும் அவரைக் கோயிலுக்கு அழைத்து வருவதை நிறுத்தாதீர்கள். பேரனின் பெயரை மறந்தவரும் சிறுவயதில் பாடமாக்கிய தேவாரத்தைத் தடங்கலின்றிப் பாடக்கூடும். அருகில் நிற்கும் நாம் கூடச் சேர்ந்து பாடினால் போதும்.